வாய் திறக்காத எழுத்துகள்: சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கோ!

வணக்கம், வணக்கம். இண்டைக்குக் கிளிநொச்சியில, இரணைமடுக் குளக்கட்டில நிண்டு கதைக்கிறன். காத்து இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஓ.எல். சோதினை எடுக்கிற பிள்ளையள் கனபேர் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. "அண்ணா, இங்கிலிஷில வாயில வராத எழுத்தை ஏன் எழுதோணும்?" ரியூசனில சொல்லுற பதில், "அது சைலன்ற் லெற்றர், பாடமாக்கு." எனக்கு அந்தப் பதில் துப்பரவாப் பிடிக்காது. பாடமாக்கினது சோதினை மண்டபத்துக்க மறந்துபோகும்.

இதைப் பாருங்கோ, கமெராவுக்குக் கிட்டப் பிடிக்கிறன். எங்கட ஒழுங்கையில ஒரு அன்ரி எடுத்த குழுக்கடன் கடதாசி. அவவிட்டக் கேட்டுத்தான் கொண்டந்தனான், பேரையும் நம்பரையும் விரலால மறைச்சிருக்கிறன். மேல 'ரிசீற்', பற்றுச்சீட்டு. நடுவில 'டெற்', கடன். கீழ கோடு போட்ட இடத்தில 'சைன்', கையெழுத்து. கையெழுத்து வைக்கத் தெரியாத ஆக்களுக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பெட்டி, அதில 'தம்', பெருவிரல். மை கொஞ்சம் பெட்டிக்கு வெளியாலயும் பட்டிருக்கு, தெரியுதோ? இந்த ஒரு கடதாசியில நாலு சொல்லு. நாலிலயும் ஒரு எழுத்து பேசாமல் குந்தியிருக்குது.

சைன் எடுப்பம். எஸ், ஐ, ஜீ, என். ஜீ சத்தம் போடாது. ஆனா அதின்ர சொந்தக்காரரைக் கூப்பிடுங்கோ: சிக்னல், சிக்னேச்சர். உடன ஜீ வாய் திறக்குதெல்லோ? இதுதான் நான் சொல்லவாற விசயம். ஊமை எழுத்தைத் தனியப் பாடமாக்காதேங்கோ. அதே குடும்பத்தில அந்த எழுத்து கதைக்கிற இன்னொரு சொல்லைத் தேடுங்கோ. ரிசைன் எண்டால் வேலையை விடுறது. ரெசிக்னேஷன் எண்டேக்க ஜீ கேக்கும். இங்கிலிஷ் 'ஓட்டம்' எண்டால் இலையுதிர்காலம், கடைசி என் கேக்காது. ஓட்டம்னல் எண்டு நீட்டினால் கேக்கும். மசில் எண்டால் தசை, நடுவில ஒரு சீ ஒளிச்சிருக்கு. மஸ்கியுலர் எண்டேக்க வெளிய வரும்.

டெற்றுக்கு வாறன். டீ, ஈ, பீ, ரீ. பஸ்ஸுக்கு வாற பீ, பேப்பருக்கு வாற பீ இல்லை. (தமிழில ரெண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதவேண்டிக் கிடக்கு, என்ன செய்யிறது.) சொந்தக்காரர் உங்கட பொக்கற்றுக்கையே இருக்கிறார்: டெபிற் காட். ஆனா ஒரு பகிடி இருக்கு. இந்தச் சொல்லு பிரெஞ்சில இருந்து இங்கிலிஷுக்கு வரேக்க பீ இல்லாமல்தான் வந்தது. பிறகுதான் படிச்ச ஆக்கள், "லத்தீனில 'டெபிற்றும்' எண்டெல்லோ இருந்தது" எண்டு பீயைத் திருப்பிச் செருகிவிட்டினம். எழுத்தில ஏறினது, வாயில ஏறேல்லை. ரிசீற்றில இருக்கிற பேப்பர் பீயும் அதே வேலைதான். ரிசெப்ஷன் எண்டு சொல்லிப் பாருங்கோ, கேக்கும்.

எல்லாரையும் நம்பவும் ஏலாது. தம் எண்ட சொல்லில கடைசியில நிக்கிற பஸ் பீ பொய்ப் பீ. பழைய இங்கிலிஷில பெருவிரல் 'தூமா', அதில பீயே இல்லை. அதைவிடப் பெரிய பொய் ஐலண்ட், தீவு. அதுவும் பழைய இங்கிலிஷ்ச் சொல்லு, எஸ் இல்லாமல்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டு மட்டில, தீவைக் குறிக்கிற 'ஐல்' எண்ட இன்னொரு சொல்லோட முடிச்சுப் போட்டு ஒரு எஸ்ஸை நடுவில வைச்சிட்டினம். அந்தச் சொல்லு லத்தீன் 'இன்சுலா'வில இருந்து வந்தது, இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த எஸ்ஸை ஒரு காலத்திலயும் ஒருத்தரும் உச்சரிச்சதில்லை. நாங்கள் தீவில இருந்துகொண்டு அதைச் சுமக்கிறம்! வெளிநாட்டுக்குச் சொல்லுற ஃபொரினுக்க இருக்கிற ஜீயும் பிறகு செருகினதுதான்.

எனக்கு நல்லாப் பிடிச்சது ரூ, ரெண்டு. ரீ, டபிள்யூ, ஓ. டபிள்யூ எதுக்கெண்டு கேக்கிறியளோ? ருவெல்வ், ருவென்ரி, ருவின்ஸ், பிற்றுவீன். பன்னிரண்டு, இருபது, இரட்டைப் பிள்ளையள், ரெண்டுக்கு இடையில. எல்லாத்துக்கயும் ரெண்டு இருக்குது, எல்லாத்திலயும் டபிள்யூ சத்தமாக் கேக்குது. சின்னப் பிள்ளையளுக்கு இதைக் காட்டுங்கோ, பிறகு ரூவை மாறி எழுதமாட்டினம்.

கடைசியா கே. நீ எண்டால் முழங்கால், நைஃப் எண்டால் கத்தி, நொற் எண்டால் முடிச்சு. எல்லாத்துக்கும் முன்னால கே, பின்னால என். 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் அந்தக் கேயை வெள்ளைக்காரன் உண்மையா உச்சரிச்சவன், பிறகுதான் விட்டவன். இதுக்கு ஆதாரம் வன்னியில வீட்டுக்கு வீடு இருக்கு. ஜேர்மனியில, சுவிஸில இருக்கிற உங்கட மாமாட்டயோ சித்தியின்ர பிள்ளையளிட்டயோ முழங்காலுக்கு அங்க என்ன சொல்லுறது எண்டு கேளுங்கோ. 'க்னீ' எண்டுவினம், கே நல்லாக் கேக்கும். அப்பிடியே இரவுக்கு என்ன சொல்லுறது எண்டும் கேளுங்கோ. நைற்றுக்க ஜீயும் எச்சும் சும்மா நிக்குது, அவையின்ர 'நாஹ்ற்'றில தொண்டைக்க இருந்து அந்தச் சத்தம் வரும்.

இப்பவே அடிக்காதேங்கோ, அங்க இன்னும் விடியேல்லை.