கட்சி மாறலாம், கேள்வி மாறலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"போருக்கு ஒப்புதல் தரும் அரசியல்வாதிக்கு அழகு நிலை மாறாமையா, நிலை மாறத் தெரிவதா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், அமெரிக்காவின் செனட்டர் ஃபுல்பிரைட்டைக் காட்டிக் கைத்தட்டல் வாங்கிவிட்டார். 1964இல், படையை ஏவ அதிபருக்கு அனுமதி தந்த டொங்கின் வளைகுடாத் தீர்மானத்தைச் செனட்டில் நிறைவேற்றிக் கொடுத்து வியட்நாம் போருக்கு வழிவிட்டவர், 1966இல் அதே போரைத் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் விசாரித்தாராம். எவ்வளவு பெரிய மனசு!

பெரிய மனசுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வாக்குக் கணக்கை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? பிரதிநிதிகள் சபையில் 416-0. செனட்டில் 88-2. அந்த இரண்டு பேர் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங். போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உரியது, அதை அதிபர் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது என்று மோர்ஸ் அன்றே வாதாடினார். தீர்மானத்துக்குக் காரணம் காட்டியது, அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் இரண்டு முறை தாக்கியது என்பதை; அதில் இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிறகு வெளிவந்தது. 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில். பிறகு வருந்தியவருக்கு இங்கே மாலை. அன்றே சொன்ன இருவரும் 1968 தேர்தலோடு வீட்டுக்குப் போனார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இத்தனைக்கும் மோர்ஸ் கட்சி மாறியவர்! குடியரசுக் கட்சி, சுயேச்சை, ஜனநாயகக் கட்சி என்று மூன்று பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர். எங்கள் அணி சொல்லும் மாறாமை அதுதான். நாற்காலி மாறட்டும், "இந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே?" என்ற கேள்வி மாறக் கூடாது.

2001 செப்டம்பர் 14க்கு வாருங்கள். இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றே நாள். தாக்கியவர்கள் மேல் படையை ஏவ அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் வந்தது. செனட்டில் 98-0, பிரதிநிதிகள் சபையில் 420-1. அந்த ஒன்று கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. அவர் அப்பா ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர்; ராணுவத்தின் மேல் வெறுப்பு என்று யாரும் கதை கட்ட முடியாது. எந்த நாடு, எவ்வளவு காலம் என்று எதுவும் இல்லாத தீர்மானம், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் என்றார். கொலை மிரட்டல் வந்தது, போலீஸ் பாதுகாப்போடு நடமாடினார். 2002இல் இராக் போருக்கும் "இல்லை" என்றே வாக்களித்தார்.

அந்தச் செக்கை அப்புறம் யார் யார் மாற்றினார்கள் தெரியுமா? செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தவர்களுக்கு எதிராகத் தந்த அனுமதி யேமனுக்கும் சோமாலியாவுக்கும் போனது. 2014இல் ஐ.எஸ். அமைப்பின் மேல் குண்டு போட்டபோதும் ஒபாமா அரசு அதைத்தான் எடுத்துக் காட்டியது.

ஒபாமா என்றதும் எதிரணி நிமிர்ந்து உட்காருகிறது! "உடனடி ஆபத்து இல்லாதபோது காங்கிரசைக் கேட்காமல் தாக்க அதிபருக்கு அதிகாரம் கிடையாது" என்ற கருத்தை 2007இல் ஒரு செய்தித்தாளுக்குச் சொன்னவர் செனட்டர் ஒபாமா. 2011இல் கேட்காமலே லிபியாவைத் தாக்கியவர் அதிபர் ஒபாமா. காங்கிரஸ் ஒப்புதல் இல்லாத சண்டையை நிறுத்தச் சொல்லும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60 நாள் கெடு தாண்டியபோது, "அந்தச் சட்டம் சொல்லும் அளவுக்கு இது சண்டையே இல்லை" என்று அவருடைய அரசு விளக்கம் கொடுத்தது. குண்டு விழுகிறது, சண்டை இல்லை! 2013இல் சிரியாவுக்கு மட்டும் காங்கிரசிடம் வந்தார். இதற்குப் பெயர் முதிர்ச்சியா, வசதியா?

மொன்டானா மாநில உறுப்பினர் ஜெனெட் ராங்கினை இழுப்பீர்கள், தெரியும். 1917இல் முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்த ஐம்பது பேரில் ஒருவர். 1941இல் பேர்ல் ஹார்பர் எரிந்த மறுநாளும் 388-1 என்று தனியாக நின்றார். அந்த இரண்டாவது வாக்கு சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அவர் எப்படி வாக்களிப்பார் என்பதில் மொன்டானா மக்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. மறைக்காமல் நின்றார், விலையும் கொடுத்தார்.

எதிரணியில் அடுத்து வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 2001இல் "ஆம்" போட்டுவிட்டுப் பிறகு மனம் மாறியவர்களில் எத்தனை பேர், தங்கள் கட்சிக்காரர் அதிபராக இருந்தபோதே அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி எழுந்து நின்றார்கள்?