மோனேயின் வீட்டில் அசல் படம் இருக்கிறதா? ஒரு நேயரின் கேள்வி

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகளிடம் பாரிஸுக்குப் போகிறாராம். "நீங்கள் சொன்ன அல்லிப்பூ ஓவியர் மோனேயின் வீட்டுக்குப் போனால் அவர் கைபட வரைந்த படங்களைப் பார்க்கலாமா? அங்கே எல்லாம் நகல், காசு வீண் என்கிறார் மருமகன்."

மருமகன் சொன்னதில் பிழையில்லை அக்கா. வேலையறையாக இருந்த கூடத்தில் தொங்குபவை நகல்கள்தான். அசல் அல்லிப்பூக்களுக்குப் பாரிஸுக்குள்ளேயே ஒராஞ்சரி அருங்காட்சியகம் இருக்கிறது. முட்டை வடிவில் இரண்டு மண்டபங்கள், சுவரோடு வளைந்து போகிற 8 பெரிய ஓவியங்கள்.

அதற்காக வீட்டுக்குப் போகாமல் விடாதீர்கள். வான்கோ பற்றிய பேச்சிலும் இதைத்தான் சொன்னேன், சலித்தாலும் திரும்பச் சொல்கிறேன்: ஓவியர் வீட்டுக்குப் படம் பார்க்கவா போகிறோம்? அந்த மனிதர் தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பார்க்கப் போகிறோம். வீடு இருக்கிற ஜிவேர்னி என்ற ஊருக்கு மோனே 1883இல் வாடகைக்கு வந்தார், 1890இல் வீட்டை வாங்கினார், 1926இல் அங்கேயே இறந்தார். சாப்பாட்டறை முழுக்க மஞ்சள், சுவர் நிறைய ஜப்பானிய அச்சுப்படங்கள். 1893இல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காணி வாங்கிக் குளம் வெட்டினார். அல்லி இலைகளில் படியும் தூசியைக் கழுவுவதற்கென்றே ஒரு தோட்டக்காரர் தோணியில் போவாராம்!

யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். குளத்துக்கு எப்த் ஆற்றின் கிளையிலிருந்து தண்ணீர் எடுக்க மோனே அனுமதி கேட்டபோது ஊரவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? வெளிநாட்டுச் செடி தண்ணீரை நஞ்சாக்கிவிடும் என்று பயந்தார்கள். மாடு குடிக்கிற தண்ணீர், உடுப்புத் தோய்க்கிற தண்ணீர். கலை ரசிகர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மட்டக்களப்பில் இருக்கிற நமக்கு எப்படிச் சிரிப்பு வரும்? தண்ணீரை மூடிப் படருகிற ஆற்றுவாழையின் பூவைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இளம் ஊதா இதழ்கள், மேலிதழில் மட்டும் மஞ்சள் பொட்டு. தென் அமெரிக்கச் செடி, அழகுக்கென்றுதான் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அது அடைத்துக்கிடக்கிற இடத்தில் தோணி தள்ளுகிறவரிடம் போய் அழகைப் பற்றிப் பேசிப் பாருங்கள்! அல்லி அந்தச் சாதியில்லை, சரி. ஆனால் அந்த விவசாயிகளுக்கு அது எப்படித் தெரியும்? பெரிய ஓவியரோடு மல்லுக்கட்டினார்கள் என்பதற்காக அவர்களை மடையர்களாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் மோனேக்கு அனுமதி கிடைத்தது, அது வேறு கதை.

அப்புறம், போகிற வழி. பாரிஸின் சென் லசார் நிலையத்தில் ரயில் ஏறி வெர்னோனில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ் இருக்கிறது. அந்த நிலையத்தையே மோனே 1877இல் புகையும் நீராவியுமாக வரைந்திருக்கிறார், அதில் ஓர் அசல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிடுவார்கள், ஏப்ரலில்தான் திறப்பார்கள். அல்லி பார்க்க ஜூலை, ஆகஸ்ட் நல்லது. காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரமானால் பூ கூம்பிவிடும்.

சரி, அடுத்த கேள்வி.