ஏற்காட்டுச் செடிக்குச் சேலத்தில் ஒரு அலமாரி

[காட்சி: தொட்டியில் ஒரு பெரணி. இலை நுனிகள் பழுப்பேறி, விரல் பட்டதும் நொறுங்குகின்றன.]

இந்தப் பெரணிக்குத் தண்ணீர் குறையவில்லை. மண்ணைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது. ஆனாலும் இலை காய்கிறது. ஏற்காட்டு நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி, சேலம் அஸ்தம்பட்டி வீட்டு ஹாலில் வைத்த எத்தனையோ செடிகளுக்கு இதுதான் கதி. காய்கிறதே என்று நாம் இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றுவோம். மேலே இலை காயும், கீழே வேர் அழுகும், அவ்வளவுதான்.

இந்த மாதிரி செடிகளுக்காக வீட்டுக்குள் ஓர் அலமாரி செய்வது எப்படி என்பதுதான் இந்த வீடியோ. செடி அலமாரி என்று தேடினால் கிடைக்கும் வடிவமைப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் செய்தவை. அங்கே குளிர்காலத்தில் வெயில் கிடையாது, வீடும் சில்லிட்டுக் கிடக்கும். அதனால் பெட்டியை இறுக்கி மூடி, விளக்கின் சூட்டையும் உள்ளேயே பிடித்து வைப்பார்கள். அதே பெட்டியைச் சேலத்தில் சித்திரை மாதம் ஓட்டினால் செடி வெந்துவிடும். நமக்கு விளக்கு சுலபமான பகுதி. சூட்டை வெளியே தள்ளிவிட்டு ஈரத்தை மட்டும் உள்ளே நிறுத்த வேண்டும், மண்டை காய்வது அங்கேதான்.

சரி, அந்த இலை ஏன் காய்ந்தது?

[காட்சி: சேலம் முதல் ஏற்காடு வரை மலையின் பக்கவாட்டுப் படம். கீழே 280 மீ., மேலே 1,500 மீ.]

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. அப்படியென்றால் இரண்டு ஊருக்கும் 8 டிகிரி வித்தியாசம். எட்டு டிகிரிதானே, செடி பழகிக்கொள்ளும் என்று தோன்றும். காற்றின் தாகத்தைக் கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது.

காற்று இன்னும் எவ்வளவு நீராவியை இழுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லலாம். அதன் அலகு கிலோபாஸ்கல். மலையில் 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்த எண் 0.47. நம் வீட்டு ஹாலில் கோடை மதியம் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் 3.37. ஏழு மடங்கு! வேர் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஏற்றினாலும் இலை அதைவிட வேகமாக இழக்கிறது. இந்த எண்ணை இரண்டுக்குக் கீழே, முடிந்தால் ஒன்றை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். அலமாரியில் நாம் போடும் ஒவ்வொரு ஓட்டையும் அதற்காகத்தான்.

இனி அளவு. இதை நீங்கள் முடிவு செய்வதில்லை, டியூப்லைட் முடிவு செய்கிறது. கடையில் சுலபமாகக் கிடைப்பது நான்கு அடி எல்இடி பட்டை விளக்கு, 20 வாட். அது உள்ளே உட்கார வேண்டுமானால் உள்அகலம் 50 அங்குலம் வேண்டும். ஆழம் 18 அங்குலம் போதும், அதற்கு மேல் போனால் பின்வரிசைத் தொட்டியை எடுக்க முன்வரிசையைக் கலைக்க வேண்டும். உயரம் ஐந்தரை அடி, இரண்டு தட்டு.

சட்டத்துக்கு ஆங்கிள் ரேக் நல்லது. ஓட்டை போட்டே வருவதால் தட்டை ஏற்றி இறக்கலாம், பழைய இரும்புக்கடையிலும் கிடைக்கும். சுவருக்குச் சாதாரண பிளைவுட் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டபிள்யூபிசி பலகை தண்ணீருக்கு அசையாது, ரம்பத்துக்கும் ஆணிக்கும் மரம் மாதிரியே ஒத்துழைக்கும். உள்பக்கம் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுங்கள். அலுமினியத் தாள் ஒட்டுகிறவர்கள் உண்டு, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கசங்கிய இடமெல்லாம் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும். முன்பக்கத்துக்கு இரண்டு கண்ணாடிக் கதவு. பழைய இரும்பு பீரோவை மாற்றலாமா என்றால், மாற்றலாம். துருவுக்கு நல்ல பிரைமர், மின்சாரத்துக்கு நல்ல எர்த், இரண்டும் இருந்தால் மட்டும்.

[காட்சி: மேல்தட்டின் வெட்டுப்படம். விளக்கு அறை, அதன் கீழே கண்ணாடி, அதன் கீழே செடிகள்.]

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். விளக்கு மேலே தனி அறையில் இருக்கிறது. அதற்கும் செடிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் கண்ணாடி. விளக்கு அறையின் பின்பக்கம் திறந்தே இருக்கிறது.

எல்இடி சூடாகாது என்பார்கள். நன்றாகவே சூடாகும். 20 வாட்டில் பாதிக்கு மேல் விளக்கின் உடம்பிலேயே சூடாகிவிடுகிறது. வெளிச்சமாக வருகிற மிச்சமும் இலையிலும் சுவரிலும் பட்டு, கடைசியில் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் முடிகிறது. ஒளிச்சேர்க்கை எடுத்துக்கொள்வது சொற்பம். விளக்கைச் செடியோடு ஒரே அறையில் தொங்கவிட்டால் அத்தனை சூடும் செடிக்கு. நடுவே கண்ணாடி போட்டால் முதல் பாதி பின்வழியாக வெளியேறிவிடும். இதற்காக நாம் இழப்பது பத்தில் ஒரு பங்கு வெளிச்சம். தாராளமாக இழக்கலாம். கண்ணாடியில் தூசி படிந்தால் இழப்பு கூடும், மாதம் ஒருமுறை துடையுங்கள்.

எத்தனை விளக்கு? ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நின்று பார்த்திருப்பீர்கள். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் வெளிச்சம் விழுகிறது என்பது) என்றால் மரத்தடியில் அதில் ஒரு சிறு பங்குதான் இறங்குகிறது. பெரணி, பெகோனியா, ஆப்பிரிக்கன் வயலட், பெலனாப்சிஸ் ஆர்க்கிட் எல்லாமே அந்த மாதிரி நிழலுக்குப் பிறந்தவை. இலை மட்டத்தில் 7,000 லக்ஸ், ஒரு நாளைக்கு 12 மணி நேரம், போதும். நம் தட்டின் பரப்பு 0.58 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால், இலை மட்டத்தில் மொத்தம் 4,000 லூமன் சேர வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் 6,000 லூமன் விளக்கு. வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தால் மூன்று டியூப்லைட். மேல்தட்டில் ஆர்க்கிட், வயலட்டுக்கு மூன்று, கீழ்த்தட்டில் பெரணிக்கு இரண்டு. மொத்தம் 100 வாட். ஊதா நிற ‘க்ரோ லைட்’ வேண்டாம். வெள்ளை விளக்கிலேயே செடிக்கு வேண்டியது இருக்கிறது. அந்த ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகியிருக்கிறதா, பூச்சி பிடித்திருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது.

100 வாட் 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 72 யூனிட் கூடும். 100 யூனிட் இலவசம் என்று தெம்பாக இருக்கிற வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி காற்று. மனப்பாடம் செய்ய ஒரே ஒரு கணக்கு தருகிறேன். உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 3 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், ஒரு வாட் சூட்டுக்கு மணிக்கு ஒரு கனமீட்டர் காற்று ஓட வேண்டும். கண்ணாடி போட்டதால் செடி அறைகளில் சேரும் சூடு ஏறத்தாழ 50 வாட். ஆகவே மணிக்கு 50 கனமீட்டர். கம்ப்யூட்டரில் வரும் 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் ஃபேன் ஒன்றே அட்டைப்பெட்டியில் போட்ட கணக்குப்படி இதைத் தள்ளிவிடும். ஆனால் அந்த எண் தடையில்லாத வெட்டவெளிக்கு. நாம் நடுவே ஈரத்தட்டி வைக்கப் போகிறோம், பாதிதான் வரும். எனவே தட்டுக்கு ஒன்றாக இரண்டு போடுங்கள். இரண்டும் அந்தந்தச் செடி அறையின் மேல்மூலையில், காற்றை வெளியே இழுக்கிற மாதிரி. காற்று உள்ளே வரும் வழி எதிர்ப்பக்கம், கீழே.

[காட்சி: உள்வழித் துவாரம். நனைந்த வெட்டிவேர் தட்டி, அதன் அடியில் தண்ணீர்த் தட்டு.]

உள்வழியில் நிற்பது நமக்குப் பழக்கமான வெட்டிவேர் தட்டி. ஏர் கூலரில் வரும் தேன்கூடு பேட் இருந்தாலும் சரி. இரண்டு அங்குலக் கனம் இருக்கட்டும். மீன்தொட்டி மோட்டார் ஒன்று அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, ஓட்டை போட்ட குழாய் வழியாகத் தட்டியின் தலையில் சொட்டவிடுகிறது. வறண்ட காற்று இதன் வழியாகப் போகும்போது தண்ணீரை ஆவியாக்கி, தானும் குளிர்கிறது. 35 டிகிரி, 40 சதவீதக் காற்றை எவ்வளவு நனைத்தாலும் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போகாது. வீட்டில் செய்த தட்டி அதில் பாதித் தூரம் கொண்டுபோகும். உள்ளே 29, 30 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். தாகக் கணக்கு 3.37-இலிருந்து 1.4-க்கு வந்துவிடும். ஏற்காடு ஆகவில்லைதான், ஆனால் இலை நுனி கருகாது. மணிக்கு 100 மில்லி அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். அறை ஜன்னலை மூடி வைக்காதீர்கள், மூடினால் அறையே ஈரமாகிக் குளிர்ச்சி நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தட்டி வேலை செய்யாது. அப்போது தேவையும் இல்லை, மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.

அந்தத் தண்ணீர்த் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நான்கு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், மேலே கொசுவலை கட்டுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் தட்டியில் வெள்ளையாக உப்புப் பூக்கும், ஓட்டைகள் அடைபடும். மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ உத்தமம். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் சிக்கனம் என்று ஊற்றாதீர்கள், உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

விளக்கு எப்போது எரிய வேண்டும்? கோடையில் மாலை 7 மணிக்குப் போட்டு காலை 7 மணிக்கு அணையுங்கள். நம் ராத்திரிதான் செடிக்குப் பகல். மதியம் இரண்டு மணி உக்கிரத்தில் விளக்குச் சூடும் சேராது. இதில் பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அது இருட்டில்தான் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும், அந்த இருட்டு குளுமையாக இருப்பதை விரும்பும். பூந்தண்டு விடவும் சில வாரம் தொடர்ந்து 25 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். சேலத்தில் அது கார்த்திகையிலிருந்து தைக்குள்தான் வரும். அந்த மாதங்களில் டைமரைத் திருப்பி, பகலில் எரியவிடுங்கள். ராத்திரிக் குளிர் அப்படியே செடிக்குக் கிடைக்கும். டைமர் வாங்கும்போது உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பாருங்கள். முள் சுற்றுகிற வகை கரண்ட் போனால் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு கரண்ட் கட்டுக்கு அப்புறம் நேரமே மாறிப்போயிருக்கும்.

கரண்ட் என்றதும் இரண்டு விஷயம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால் மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதைச் செருகவே கூடாது. இரும்புச் சட்டத்துக்குத் தனி எர்த் ஒயர். பிளக்குக்கு வரும் ஒயர் ஓரிடத்தில் தொய்ந்து இறங்கி அப்புறம் ஏறட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இன்னொன்று, பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்தினால் மாலை வரை வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று நின்றால் ஆபத்து. வைஃபை ரவுட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இரண்டு ஃபேனையும் சில மணி நேரம் ஓட்டும். அது தீர்ந்ததும் கதவைத் திறந்து வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டிலேயே இருப்பவர்கள் கேட்பீர்கள். உங்களுக்கு இதே சட்டம், தலைகீழ் வேலை. நடுக்கண்ணாடி வேண்டாம், ஈரத்தட்டி வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிருக்கு விளக்குச் சூடு உள்ளேயே நிற்கட்டும், ராத்திரியில் எரியவிடுங்கள். மூடுபனி நாட்களில் ஈரப்பதம் தானாகவே உச்சத்தில் நிற்கும். சாம்பல் பூஞ்சைதான் அங்கே எதிரி. உள்ளே ஒரு சிறு ஃபேன் இலை லேசாக ஆடுகிற அளவுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கும் மலைக்குப் போகிறவர்களுக்கும் இன்னொன்று. சேர்வராயன் மலை மரங்களில் தொற்றியிருக்கும் ஆர்க்கிட்டைப் பிய்த்து வராதீர்கள். பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வளர்க்க நர்சரிச் செடி இருக்கிறது.

[காட்சி: காலி அலமாரி. மேல்தட்டில் ஒரு தெர்மாமீட்டர், கீழ்த்தட்டில் ஒன்று.]

அலமாரி முடிந்ததும் செடியை ஏற்றிவிடாதீர்கள். மூன்று நாள் காலியாக ஓட்டி, மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு தட்டிலும் வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் குறித்து வையுங்கள். விளக்கு எரியும்போது அறையைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறினால் எங்கோ காற்று குறுக்குவழியில் போகிறது. ஊதுபத்தி ஒன்றை உள்வழியில் காட்டுங்கள், புகை போகிற பாதை உண்மையைச் சொல்லிவிடும். பெரும்பாலும் கதவு இடுக்குதான். நுரைப் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும்.

புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் வெளியே தனியாக வைத்து, இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி ஒரு தொட்டியோடு உள்ளே போனால் எல்லாத் தொட்டியிலும் ஏறிவிடும். தெரிந்தால் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டுச் சோப்புத் திரவமும் கலந்து, வாரம் ஒருமுறை அடித்து, சுத்தமானதும் உள்ளே ஏற்றுங்கள்.