வகுத்துப் பார்த்தால் தெரியும் பாகுபாடு

வணக்கம், நேயர்களே. எம்.பி.ஏ. வகுப்பில் இனப்பாகுபாடு பற்றிப் பேச்செடுத்தால், மனசாட்சி, நல்லெண்ணம் என்றே விவாதம் சுற்றி வரும். யார் மனதில் என்ன இருந்தது என்று அளக்க எந்தப் பாடத்தாலும் முடியாது. ஆனால் ஓர் ஆளெடுப்பு விதி யாரை உள்ளே விட்டது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்று எண்ணிவிடலாம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின் நிலையம். அங்கே இருந்த ஐந்து பிரிவுகளில் கூலிப் பிரிவு ஒன்றில்தான் கறுப்பினத்தவருக்கு இடம். அந்தப் பிரிவில் அதிகச் சம்பளம் வாங்கியவர்கூட மற்ற நான்கில் மிகக் குறைவாக வாங்கியவரை எட்டவில்லை. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம், மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு தேர்வுகளை வைத்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. ஆனால் 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம். கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்களோ வேலையைக் குறையின்றிச் செய்துவந்தார்கள். எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவது இந்தச் சின்ன விவரம்தான். 13 கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: ஒரு தகுதி ஓர் இனத்தாரை அதிகமாக வடிகட்டினால், அந்த வேலைக்கு அது தேவை என்று நிறுவனம் காட்ட வேண்டும்.

1978-இல் இதற்கு ஓர் அளவுகோல் வந்தது, ஐந்தில் நான்கு பங்கு விதி. ஒவ்வோர் இனத்திலும் தேர்ச்சி பெற்றவர்களை, தேர்வு எழுதியவர்களால் வகுங்கள். கிடைக்கும் குறைந்த விகிதத்தை அதிக விகிதத்தால் வகுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. கனெக்டிகட் மாநில அரசு மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்கு வைத்த எழுத்துத் தேர்வைப் பாருங்கள். கறுப்பினத்தவர் 48 பேரில் 26 பேர் தேறினார்கள், 54 சதவீதம். வெள்ளையர் 259 பேரில் 206 பேர், ஏறத்தாழ 80 சதவீதம். வகுத்தால் 68. ஆனால் கடைசியில் பதவி உயர்வு பெற்றது கறுப்பினத்தவரில் 23 சதவீதம், வெள்ளையரில் 13.5 சதவீதம். மொத்தக் கணக்கு சரியாகிவிட்டதே என்றது மாநில அரசு. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; தேர்வில் வடிகட்டப்பட்டவருக்கு, அடுத்தவர் பெற்ற பதவி எப்படி ஈடாகும்? அதனால் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக வகுக்க வேண்டும்.

மாணவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. விண்ணப்பித்தவர் ஐந்தாறு பேர்தான் என்றால், ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் தலைகீழாகிவிடும். பல ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, சான்றிதழ் கட்டாயம் என்ற விளம்பரத்தைப் படித்ததும் விண்ணப்பிக்காமலே விலகியவர்கள். நிறுவனத்தின் கோப்பில் அவர்கள் பெயர் இருக்காது. அவர்களைத் தேடத்தான் 34, 12 என்ற கணக்கெடுப்பு எண்கள் தேவைப்பட்டன.