துப்பறிபவர் வராத கொலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் குற்றப் புனைவுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் 54 நாடுகளைச் சுற்றி வர முடியாது. அதனால் ஒரே ஒரு தெருவோடு நிறுத்திக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெரு ஆப்பிரிக்காவிலேயே இல்லை. பெல்ஜியத்தின் துறைமுக நகரமான ஆண்ட்வெர்ப்பில் இருக்கிறது. பெயர் கருப்புச் சகோதரிகள் தெரு. ஒரு காலத்தில் அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் கருப்பு அங்கி அணிந்தவர்கள். பெயர் அவர்களால் வந்தது.

நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்து பெல்ஜியத்துக்கு வாழப் போனவர் சிக்கா உனிக்வே. அந்தத் தெருவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து, அதில் நான்கு ஆப்பிரிக்கப் பெண்களைக் குடிவைத்தார். நாவல் முதலில் 2007இல் டச்சு மொழியில் வந்தது. அதன் டச்சுத் தலைப்புக்குக் கானல் நீர் என்று பொருள். பிறகு ஆங்கிலத்தில் 'ஆன் பிளாக் சிஸ்டர்ஸ் ஸ்ட்ரீட்' ஆனது. 2012இல் நைஜீரியாவின் பெரிய இலக்கியப் பரிசைப் பெற்றது.

சிசி, எஃபே, ஆமா, ஜாய்ஸ். நால்வரும் சிவப்பு விளக்குப் பகுதியில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர்கள். லாகோஸில் டெலே என்ற ஏஜென்ட் இவர்களை அனுப்பிவைக்கிறான். பயணச் செலவு என்று அவன் எழுதிவைக்கும் கடன் ஆளுக்கு 30,000 யூரோ. அதை அடைக்கும் வரை பாஸ்போர்ட், அந்த வீட்டை நடத்துகிற, 'மாடம்' என்று அழைக்கப்படுகிற பெண்ணின் கையில். சிசி பட்டதாரி. ஊரில் எத்தனையோ மனுப் போட்டும் வேலை கிடைக்காதவள்.

அவள் கொல்லப்படுகிறாள். இதை நான் சொல்வதால் கதை கெட்டுவிடாது, ஆசிரியரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். கொன்றது யார் என்பதும் நமக்குத் தெரியவரும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பறிபவர் வருவதில்லை. கைரேகை, சாட்சி, கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்குவது, எதுவும் கிடையாது. எப்படி இருக்கும்? நாட்டில் தங்க அனுமதிக் காகிதம் இல்லாதவளுக்குக் கொலைகாரனைவிட முதலில் பயம் போலீஸ் மீதுதான். அவள் காணாமல் போனாள் என்று யார் போய்ப் புகார் கொடுப்பது?

குற்றக் கதையிலிருந்து போலீஸை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? இந்த நாவலில் மிஞ்சுவது பேச்சு. சிசி செத்த சேதி வந்ததும் ஜாய்ஸ் கையில் துணியோடு வீட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கிறாள். அப்புறம் மெல்ல வாய் திறக்கிறாள். அவள் பெயர் ஜாய்ஸே இல்லை, அலெக். சூடான்காரி. ஜன்ஜவீத் ஆயுதக் கும்பல் அவள் குடும்பத்தைக் கொன்றது. ஒரே கூரையின் கீழ் இருந்த தோழிகளுக்கே இது அதுவரை தெரியாது.

இங்கேதான் ஆசிரியரின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். சிசி பெல்ஜியம் வந்ததும், அகதி மனுவுக்காக மாடம் அவளுக்கு ஒரு கதை சொல்லிக்கொடுக்கிறாள். நீ லைபீரியாக்காரி, அங்கே நடந்த சண்டையில் வீட்டாரை இழந்தவள் என்று. மனு தள்ளுபடி ஆகும் என்பது மாடத்துக்கு முன்பே தெரியும். ஆனால் என்ன, காகிதம் இல்லாதவள் எங்கே ஓடிவிடுவாள்? ஆக, போரைப் பார்க்காதவள் அதிகாரி முன்னால் போர்க்கதை சொல்கிறாள். போரில் எல்லாம் இழந்தவள் பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள்.

துப்பறிபவரே அகதியாக வருகிற கதைகளும் இருக்கின்றன. சூடானிய வேர் கொண்ட ஜமால் மஹ்ஜூப், பார்க்கர் பிலால் என்ற புனைபெயரில் எழுதும் மக்கானா வரிசை அப்படிப்பட்டது. கார்ட்டூமில் போலீஸாக இருந்த மக்கானா, தப்பி வரும் வழியில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்துவிட்டு, கெய்ரோவில் நைல் நதிப் படகு வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். நல்ல வரிசை, தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

ஆண்ட்வெர்ப்புக்கே திரும்புகிறேன். நாவலில் பெண்களைக் கட்டிப்போடுவது கடன். நிஜத்தில் அதோடு சத்தியமும் சேர்ந்துகொள்கிறது. நைஜீரியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு இப்படிக் கடத்தப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் எடோ மாநிலத்தவர். அதன் தலைநகர் பெனின் சிட்டி; பெனின் என்ற நாடு வேறு. கிளம்பும் முன் பூசாரியிடம் கூட்டிப்போய், நகத்தையும் முடியையும் வாங்கிவைத்துக்கொண்டு, கடனை அடைப்பேன், யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். மீறினால் பைத்தியம் பிடிக்கும், குடும்பத்தில் சாவு விழும் என்ற பயம். ஆள் காவலே தேவையில்லை.

2018 மார்ச்சில் ஒரு விஷயம் நடந்தது. பெனின் சிட்டியின் பாரம்பரிய மன்னர், ஓபா இரண்டாம் எவாரே, பூசாரிகளை அழைத்து, இனி இப்படிச் சத்தியம் வாங்குகிறவர்கள் மீது சாபம் இட்டார். ஏற்கெனவே சத்தியம் செய்த பெண்கள் விடுபட்டார்கள் என்றும் அறிவித்தார். ஐரோப்பாவில் சில பெண்கள் பணம் கட்டுவதை நிறுத்தியதாகச் செய்திகள் வந்தன. ஏஜென்டுகள் சும்மா இருப்பார்களா? சடங்கைப் பக்கத்து மாநிலங்களுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றும் செய்தி வந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உனிக்வேயின் கடைசிப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. எஃபே பிற்காலத்தில் தானே ஒரு மாடம் ஆகிறாள், பெண்களை விலைக்கு வாங்குகிறாள். ஜாய்ஸ் நைஜீரியாவுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கி அதற்குச் சிசியின் பெயரை வைக்கிறாள். சிசியோ, உயிர் பிரிந்ததும் பெற்றோரைப் பார்க்கப் போகிறாள். அடுத்து டெலேயின் வீட்டுக்கு. அங்கே அவனுடைய பெண் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழந்தைகளைச் சபிக்கிறாள். இந்த நாவலில் எனக்குச் சண்டை உள்ள ஒரே இடம் அது. பல வருடமாகிறது, இன்னும் அந்தப் பக்கத்தோடு எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

நன்றி, வணக்கம்.