இந்திய நன்னீர்ப் பாசி விலங்குகள்

வணக்கம். பிரையோசோவா, அதாவது கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய பாசி விலங்குகள், கடலில் ஆயிரக்கணக்கான இனங்களாக இருக்கின்றன. நன்னீரில் உலகம் முழுக்கத் தேடினாலும் ஏறத்தாழ நூறுதான். இந்தியாவில் 1858-இலேயே இயற்கையியலாளர் கார்ட்டர், நாக்பூர் நீர்நிலையிலிருந்து ஹிஸ்லோபியா லாகஸ்ட்ரிஸ் என்ற இனத்தை விவரித்துவிட்டார். 1911-இல் வந்த விலங்கியலாளர் அன்னண்டேலின் நூல் இன்றும் கைகொடுக்கும். அதிலுள்ள பெயர்களை மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள்; பல மாறிவிட்டன.

காரணம் எளிது. புளூமட்டெல்லா என்ற நன்னீர்ப் பேரினத்தின் கிளை வடிவம் நீரோட்டத்துக்கும் இடவசதிக்கும் ஏற்ப மாறும். ஒரே இனம் ஓரிடத்தில் கொடிபோல் படரும், இன்னோரிடத்தில் நெருங்கி மெத்தையாகும். கூட்டத்தைப் பார்த்து இனம் சொன்னால் தவறும். ஸ்டேட்டோபிளாஸ்டுதான் சாட்சி. புளூமட்டெல்லாவில் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பழுப்பு வித்து அது. வறட்சியைத் தாங்கிக் கிடந்து, நீர் வந்ததும் முளைக்கும். மிதக்கும் வகைக்கு ஓரத்தில் காற்றறை வளையம் உண்டு. ஒட்டும் வகை, கூட்டம் படர்ந்த பரப்பிலேயே பசையிட்டதுபோல் இறுகிவிடும். கத்தியால் கூட்டத்தைச் சுரண்டி எடுப்பவர்கள் இந்த இரண்டாவதைக் குச்சியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் இனம் கண்டறிய உதவும் எந்தத் திறவுகோலும் பாதியில் நின்றுவிடும். குச்சியோடு, ஓட்டோடு வெட்டி எடுங்கள்.

தேட வேண்டியது நிழல் பக்கம்: மூழ்கிய கட்டையின் அடி, தாமரை இலையின் கீழ்ப்புறம், செங்கல்லின் அடி. வெயில் படும் பக்கத்தை ஆல்காவும் வண்டலும் மூடிவிடும். காற்று ஒதுக்கும் கரை நுரையையும் ஒரு குப்பியில் அள்ளிக்கொள்ளுங்கள். மிதக்கும் வித்துகள் அங்கே சேரும்.

எடுத்த கூட்டத்தை அதே குளத்து நீரில் அசையாமல் வையுங்கள். உணர்கொம்புகள் விரிந்ததும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: குதிரைலாட வடிவமென்றால் பெரும்பாலும் புளூமட்டெல்லா வகையறா. முழு வட்டமாக இருந்து, வித்தே இல்லாமல் தட்டையாக ஒட்டியிருந்தால் ஹிஸ்லோபியாவாக இருக்கலாம். பதப்படுத்தும்போது ஆல்கஹாலை நேரே ஊற்றினால் உணர்கொம்புகளைச் சட்டென உள்ளிழுத்துக்கொள்ளும். முதலில் மென்தால் படிகங்களைத் தூவி, ஊசியால் தொட்டும் அசையாதபோது 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள்.

லோஃபோபோடெல்லா கார்ட்டெரி என்ற இனம் கிடைத்தால் மீன்தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கூட்டம் நசுங்கினால் கசியும் திரவம் மீனின் செவுளைக் கெடுத்துக் கொன்றுவிடும். அதன் வித்தின் இரு முனைகளிலும் கொக்கி முட்கள் இருக்கும். வலையைக் கழுவாமல் அடுத்த குளத்தில் போட்டால், அந்த இனத்தை அங்கே விதைப்பது நாம்தான்.