எல்லாத்துக்கும் முட்டை! ஜப்பான் பிள்ளைகளும் எங்கள் ஊர் ஐந்தாம் வகுப்பும்

வணக்கமுங்க எல்லோருக்கும். மஞ்சள் வேக வைக்கிற வீடியோவின் இரண்டாம் பாகம் இன்றைக்கு வரும் என்று சொல்லியிருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமை வரும். மஞ்சள் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது, அவசரம் இல்லை. ஆனால் வியாழக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்று நாளாகப் பால் சொசைட்டியில், பஸ் ஸ்டாப்பில், பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசியில் போட்ட ஜெர்மனி வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச ஏற்பாடு. அவர்களுக்குக் காலை 9 மணி, நமக்கு 12.30 என்று முந்தின வாரமே முடிவாகிவிட்டது. இடையில் அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. ஐரோப்பாவில் அன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய 9 மணி நமக்கு 1.30. இரண்டு பக்கமும் யாருக்கும் அது தோன்றவில்லை. 24 பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சத்துணவு அக்கா மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் சாதம் ஆறிப்போனதுதான் மிச்சம். அவர்கள் வந்தபோது நம் பிள்ளைகள் கை கழுவப் போயிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு வந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஜப்பான். அங்கே கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்துகிற வழக்கமே கிடையாது. வருடம் முழுக்க நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், அவ்வளவுதான். நமக்குக் காலை 10 மணி என்றால் அவர்களுக்கு மதியம் 1.30. சாப்பாடு முடித்து வகுப்பைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து உட்காருகிற நேரம். ஆமாம், அங்கே பிள்ளைகளே பரிமாறுவார்கள், பிள்ளைகளே வகுப்பைச் சுத்தம் செய்வார்கள். ஒரு பையன் பரிமாறும்போது போடுகிற வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமலே ஓடி வந்தான். "டாக்டர் வந்திருக்காரு!" என்று நம் பக்கம் ஒரே சத்தம்.

இருங்கள், அதற்கு முன்னால் ஸ்பீக்கர் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் வைக்கிற வட்டமான ஒன்று, மைக்கும் அதிலேயே இருக்கும். ஈரோட்டில் 2,800 சொன்னார்கள், ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றார்கள். அதே பெட்டி, அதே மாடல், கோபியில் 2,350! நான் மறுபடி பேசினேன், சார்ஜர் ஒயரையும் சேர்த்துக் கொடுத்தார். 450 ரூபாய் மிச்சம். பசங்களுக்கு அதில் ஒரு பெரிய உலகப்படம் வாங்கினோம். வாங்கின காசுக்கு வேலை செய்தது என்று அடித்துச் சொல்வேன். கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை முணுமுணுத்தால்கூட அங்கே கேட்கிறது. ஜெர்மனி சமயத்தில் டீச்சரின் லேப்டாப்பும் என் போனும் ஒரே அறையில் ஒரே காலில் இருந்தன. லேப்டாப்பில் வந்த சத்தத்தை என் போன் வாங்கி அனுப்ப, அது மறுபடி லேப்டாப்பில் வர, 'கீ'யென்று ஒரே ஊளை. ஒரே அறையில் இரண்டு கருவி வைக்கிறவர்கள், ஒன்றில் மைக்கையும் சத்தத்தையும் கட்டாயம் அணைத்து வையுங்கள்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். எதிரில் இருப்பது எந்த நாடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கைப் இருந்த காலத்தில் உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் விளையாடின ஆட்டம் இது. ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள், ஆட்டம் மூடவில்லை.

அவர்கள் நான்காம் வகுப்பு. ஜப்பானில் 2020இலிருந்து ஐந்து, ஆறாம் வகுப்புக்குத்தான் ஆங்கிலம் முறையான பாடம். மூன்றும் நான்கும் சும்மா பழகிப் பார்ப்பதோடு சரி. அதனால் கேள்வியை டீச்சர்கள் மாற்றிச் சொல்வது, பதிலைப் பிள்ளைகள் சைகையில் காட்டுவது என்று பேச்சு. நம் பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் மேலே, கீழே. அவர்களுக்கு என்ன சைகை என்று யாரும் கேட்கவில்லை.

முதல் கேள்வி: உங்கள் நாடு ஆசியாவில் இருக்கிறதா? அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகளும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி விரல்களைச் சேர்த்து, இதோ பாருங்கள், இப்படி ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். நம் பக்கம் அப்படியே அடங்கிப்போனது. "முட்டை போட்டுட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். ஆசியா இல்லையாம். உலகப்படத்தில் ஆசியாவைக் கையால் மறைத்துவிட்டார்கள். உங்கள் நாடு தீவா? முட்டை. அங்கே பனி பெய்யுமா? முட்டை. அரிசிச் சோறு சாப்பிடுவீர்களா? அதற்கும் முட்டை. யானை இருக்கிற காடு உண்டா என்று கேட்டதற்குக் கையைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்தார்கள். அதுவும் தப்பு. என் அண்ணன் மகள் என் முந்தானையை இழுத்து, "அத்தை, எல்லாத்துக்கும் முட்டைங்க. இவங்க நாட்டுல ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

டீச்சர் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. "டீச்சர், நீங்கெல்லாம் பள்ளிக்கூடப் புள்ளைங்களான்னு கேளுங்க டீச்சர்" என்றாள். பதில் தெரிந்த கேள்வி! டீச்சர் கேட்டார். முப்பது பேரும் வட்டம் போட்டார்கள். அந்தப் பிள்ளை திரும்பி நின்று, "முட்டைன்னா ஆமாங்க" என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஜப்பானில் சரி என்றால் வட்டம், தப்பு என்றால் பெருக்கல் குறி. விடைத்தாளிலும் அப்படித்தான், சரியான விடைக்கு வட்டம் சுழிப்பார்கள். நமக்கு வட்டம் என்றால் பூஜ்யம், இல்லாவிட்டால் தப்பைச் சுழித்துக் காட்டுவது. இதை யாரும் பாடமாக எடுக்கவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை தானாகச் சோதித்துக் கண்டுபிடித்தாள். அப்புறம் மறைத்த ஆசியாவைத் திறந்தார்கள், ஆசியா, தீவு, பனி, அரிசி என்று இரண்டே நிமிடத்தில் "ஜப்பான்!" அந்தப் பக்கம் நம்மைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு வேறு. யானைக் காடு உண்டா என்று அவர்களும் கேட்டார்கள். சத்தியமங்கலம் காடு பக்கத்திலேயே இருக்கிறது, கட்டைவிரல் எல்லாம் மேலே போயின. தாய்லாந்து என்றார்கள், இலங்கை என்றார்கள், மூன்றாவதாகத்தான் இந்தியா.

இந்த இடத்தில் ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். போன வாரம் ஊரில் ஒருவர் வந்து, பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி ஆடவிடுங்கள், நம் கலாச்சாரம் என்று ஆங்கிலத்தில் மனப்பாடமாகப் பேசவிடுங்கள் என்று ஒரே பிடிவாதம். எனக்குக் கும்மி உயிர், உங்களுக்கே தெரியும். ஆனால் மனப்பாடப் பேச்சைப் பிள்ளைகளிடம் திணிப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அரைமணி நேரமும் அதிலேயே போயிருந்தால் அந்தப் பிள்ளை எழுந்து நின்றிருப்பாளா? டீச்சர் மறுத்தார், அவருக்குப் பெரிய கும்பிடு. கடைசி இரண்டு நிமிடம் கும்மி தட்டினார்கள்தான், பாவாடை சட்டையில், ஆசைப்பட்ட பிள்ளைகள் மட்டும். அவர்களும் கூடவே தட்டினார்கள். சத்தம் போய் வர நேரம் ஆவதால் தாளம் அரை தட்டு பின்னால் வந்தது. சேர்ந்து பாடுவது, தட்டுவது எல்லாம் வீடியோ காலில் ஒத்து வராது. ஒரு பக்கம் செய்ய, மறு பக்கம் பார்ப்பதுதான் சரி.

முக்கியமானதை விட்டுவிட்டேன். அஞ்சாங்கல்! கும்மிக்கு முன்னால் நடந்தது. நம் பிள்ளைகள் தடப்பள்ளி வாய்க்காலில் பொறுக்கின கல்லை வைத்து ஆடிக் காட்டினார்கள். அங்கே ஒரு பெண் பிள்ளை தன் பையைத் துழாவி, எலுமிச்சம்பழம் அளவில் சின்னச் சின்னத் துணி மூட்டைகளை எடுத்தாள். பூப்போட்ட துணி, உள்ளே சிவப்புப் பயறு. ஓதேதாமா என்று பெயர். ஒன்றை மேலே போட்டுவிட்டு மற்றதை அள்ளிப் பிடித்தாள். அதே ஆட்டம்! நம் பக்கம் கத்தின கத்தில் தலைமையாசிரியர் ஓடி வந்துவிட்டார்.

வீடியோ எங்கே என்று கமெண்டில் கேட்பீர்கள். கிடையாது. பதிவு செய்யக்கூடாது, முழுப்பெயர் சொல்லக்கூடாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று இரண்டு பள்ளிக்கூடமும் பேசி வைத்தது. லைக்குக்காக ஊரார் பிள்ளைகளின் முகத்தை நான் காட்ட மாட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒரு கூட்டாளி எப்படிக் கிடைக்கும் என்று கேட்ட டீச்சர்கள், ஐஏர்ன் (iEARN) என்று தேடிப் பாருங்கள், பல நாட்டுப் பள்ளிக்கூடங்களைச் சேர்த்து வைக்கிற அமைப்பு. 1988இல் நியூயார்க் மாநிலத்துக்கும் மாஸ்கோவுக்கும் இடையில் பள்ளிக்கூடங்களை இணைத்துத் தொடங்கினது. ஐரோப்பாவில் 2005இலிருந்து இட்வின்னிங் (eTwinning) என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அது அந்தப் பக்கத்து நாடுகளுக்கு. ஐஏர்னில் எனக்குப் பிடித்தது கரடிப் பொம்மைத் திட்டம். இரண்டு வகுப்பும் ஆளுக்கொரு பொம்மையைத் தபாலில் அனுப்பும். போன பொம்மை அங்கே பார்த்ததை எல்லாம் எழுதுகிற மாதிரி பிள்ளைகள் ஊருக்குக் கடிதம் போடுவார்கள்.

நாங்களும் அனுப்பப்போகிறோம். கரடி இல்லை, துணியில் தைத்த காங்கேயம் காளை. அதன் கழுத்துப் பையில் மஞ்சள் கிழங்கு போடலாம் என்றேன். செடி, கிழங்கு, விதை என்றால் சான்றிதழ் கேட்பார்கள், வேண்டாம் என்றார் டீச்சர். பிள்ளைகள் அஞ்சு கல்லே போதும் என்றார்கள். கல்லில் மண் ஒட்டியிருக்கக்கூடாது, ஜப்பானுக்குள் மண்ணை விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது, குழாயடியில் ஆறு பேர் குந்தி உட்கார்ந்து தேங்காய் நாரால் அந்த அஞ்சு கல்லையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டையைக் கண்டுபிடித்த அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னும் இருக்குது, தேயுங்க" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.